சாக்ஸ் சுயம்பு

தாராவியில் சுயம்பு குடியிருந்த சந்துக்குள் யாரும் புதுச் சட்டை போட்டுக்கொண்டு நிம்மதியாக நடந்துவிட முடியாது. வாசலில் நிற்கும் சுயம்பு கூப்பிட்டு நிறுத்துவார். சட்டையின் கீழ் விளிம்பை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்ப்பார். "பவர்லூம் சரக்கு. ரெண்டு தண்ணிக்குத் தாங்காது" என்று சொல்லி அனுப்பிவிடுவார். தீபாவளி காலையில்கூட அந்த வாய் சும்மா இருந்ததில்லை. பரேலில் ஒரு மில்லில் மீசை முளைத்த நாளிலிருந்து தறி ஓட்டியவர் அவர். தறிகள் போடும் இரைச்சலில் பக்கத்து ஆள் கத்துவது கேட்காது. ஆனால் தன் தறியில் ஓர் இழை அறுந்தால் தனக்குக் கேட்டுவிடும் என்பார். நூல் என்கிற பொருளே தனக்குப் பயந்துதான் நடக்கிறது என்று அவருக்கு ஓர் எண்ணம். பிற்பாடு இதையெல்லாம் அவரே சொல்லிச் சிரிப்பார். அந்தச் சிரிப்பு வருவதற்கு முன்னால் அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல.

எண்பத்திரண்டாம் வருஷம் பொங்கல் முடிந்த கையோடு பம்பாய் மில்களில் வேலைநிறுத்தம் தொடங்கியது. மாசி பிறப்பதற்குள் முடிந்துவிடும் என்றார்கள். சுயம்புவும் அப்படித்தான் நம்பினார். முதல் வாரம் முழுக்கத் தூங்கினார். அடுத்த வாரம் கொடி பிடித்தார். மில் வாசலில் நின்று கோஷம் போட்டார். கூட்டம் நடக்கும் இடங்களுக்கெல்லாம் முதல் ஆளாகப் போய் முன்வரிசையில் உட்கார்ந்தார். மாசியும் போனது, பங்குனியும் போனது. மில் சங்குச் சத்தம் கேட்காத காலைகள் அவருக்குப் பழகிவிட்டன. சோறுதான் எங்கிருந்து வருகிறது என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பேராச்சி சொல்லியிருப்பாள்.

பேராச்சி அவர் மனைவி. திசையன்விளைப் பக்கத்துக்காரி, அதிகம் பேசமாட்டாள். சித்திரை வெயிலில் ஒரு நாள் பெரிய துணிப்பையோடு வீட்டுக்குள் வந்தாள். கூடவே மெஹராஜும் வந்தாள். மெஹராஜ் அடுத்த சந்தில் இருப்பவள். மேலப்பாளையத்தில் பிறந்து தாராவிக்கு வாழ்க்கைப்பட்டவள். அவள் புருஷன் அபுதாஹிர் தோல் பட்டறை வைத்திருந்தார். இரண்டு பெண்களும் தரையில் உட்கார்ந்து பையைக் கவிழ்த்தார்கள். பந்து பந்தாகக் கம்பளி நூல். மஞ்சள், நீலம், ரோஸ். அவற்றுக்கு நடுவில் நீள நீளமாகப் பின்னல் ஊசிகள்.

சுயம்பு இது என்ன கூத்து என்று கேட்டார். மெஹராஜ் விளக்கமாகச் சொன்னாள். செம்பூரில் சிந்திக்காரர்கள் குடியிருக்கும் கேம்பில் லாஜ்வந்தி என்று ஒரு அம்மாள் சின்னதாகக் கடை வைத்திருக்கிறாள். நூலையும் ஊசியையும் அவளே கொடுப்பாள். ஸ்வெட்டர், சாக்ஸ், வீட்டுக்குள் போட்டு நடக்கிற கம்பளிச் செருப்பு எல்லாம் வீட்டிலிருந்தே பின்னிக் கொடுத்தால் கூலி. மெஹராஜ் இரண்டு வருஷமாகச் செய்கிறாள். இப்போது பேராச்சிக்கும் கற்றுக்கொடுத்துவிட்டாள். மாசியிலிருந்தே பேராச்சி தன் வீட்டுக்கு வந்து பின்னிய கூலியில்தான் இந்த வீட்டில் அடுப்பு எரிகிறது என்பதை மட்டும் அவள் சொல்லவில்லை. அதைச் சுயம்புவே ரொம்ப மெதுவாகக் கண்டுபிடித்தார்.

அவருக்கு அப்போது தோன்றிய கேள்வி வேறு. மின்விசிறி ஓடும்போதே முதுகில் தண்ணீர் ஊற்றும் இந்த ஊரில் ஸ்வெட்டரை எவன் போடுவான்? மெஹராஜ் அதற்கும் பதில் வைத்திருந்தாள். பத்ரிநாத் போகிறவர்கள் வாங்குவார்கள். டெல்லிக்கு மாற்றலாகிப் போகிறவர்கள் வாங்குவார்கள். பிறந்த பிள்ளைக்குச் செட்டாக வாங்குவார்கள். குளிர்காலத்து விற்பனைக்கு வெயில்காலத்திலேயே பின்னி அடுக்க வேண்டும். சுயம்பு தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு பேராச்சி பின்னிவைத்திருந்த ஒரு ஸ்வெட்டர் கையை எடுத்து, பழக்க தோஷத்தில் இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்தார். வரிசை நேராக இல்லை என்றார். இழுப்பு ஒரு இடத்தில் ஒரு மாதிரி, இன்னோர் இடத்தில் இன்னொரு மாதிரி என்றார். மில்லில் இப்படி நெய்தால் சூபர்வைசர் முகத்திலேயே வீசுவான் என்றார்.

பேராச்சி பத்து நாள் இதைக் கேட்டாள். பதினோராவது நாள் கையிலிருந்த ஊசிகளை அவர் மடியில் வைத்தாள்.

"நீங்க பின்னிக் காட்டுங்க. நான் பாத்துப் படிச்சுக்கிடுதேன்" என்றாள்.

அவள் கேலியாகச் சொல்லவில்லை, அதுதான் அவருக்குச் சிக்கலாகிவிட்டது. இத்தனை தறிகளை ஒரே நேரத்தில் மேய்த்தவன் இரண்டு குச்சியை மேய்க்க முடியாதா என்று வாங்கிக்கொண்டார். ஒரு சாக்ஸ், பொழுது சாய்வதற்குள் முடித்துவிடலாம் என்பது அவர் கணக்கு.

மெஹராஜுக்கு லாஜ்வந்தி கற்றுக்கொடுத்த பாடம் எளிமையானது. ஊசியை முன்பக்கமிருந்து விட்டு இழுத்தால் சீதா, அதாவது நேர்; பின்பக்கமிருந்து விட்டு இழுத்தால் உல்டா, அதாவது தலைகீழ். சீதா, உல்டா, சீதா, உல்டா என்று பெண்கள் வாய்க்குள் முனகிக்கொண்டே ஊர்க்கதை பேசிக்கொண்டு பின்னினார்கள். சுயம்புவால் மூச்சுவிட்டுக்கொண்டே பின்ன முடியவில்லை. அவர் கைக்குத் தெரிந்ததெல்லாம் நூலை இறுக்கிப் பிடிப்பது. தறியில் இழை தளர்ந்தால் துணி கெட்டுப்போகும். அதனால் ஒவ்வொரு கண்ணியையும் இழுத்து முறுக்கினார். அடுத்த வரிசைக்கு ஊசியை நுழைக்க இடமே இல்லை. பல்லைக் கடித்து நுழைத்தார். ஒரு தடவை ஊசி வழுக்கி எதிர்ச்சுவரில் தொங்கிய காலண்டரில் குத்தி நின்றது.

பொழுது சாய்வதற்குள் அல்ல, அந்த வாரக் கடைசியில் சாக்ஸ் முடிந்தது. தரையில் வைத்தார்கள். அது தானாகவே நின்றது. மடங்கவும் இல்லை, சாயவும் இல்லை. கால் உள்ளே போகவில்லை. பேராச்சி முழங்கை வரை மாட்டிப் பார்த்துவிட்டுக் கழற்ற முடியாமல் திணறினாள். மெஹராஜ் அதைக் கொஞ்ச நேரம் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "அண்ணாச்சி, இது சாக்ஸா, இல்ல சாக்ஸ் வைக்கிற டப்பாவா?" என்று நிஜமாகவே சந்தேகம் கேட்டாள்.

சுயம்பு அன்று சாப்பிடாமல் படுத்தார். நூல் தனக்குப் பயப்படுகிறது என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தவருக்கு, அது இவ்வளவு நாளும் தறிக்குத்தான் பயந்திருக்கிறது என்று தெரிந்துவிட்டது. மறுநாள் காலையில் பேராச்சி எழுந்தபோது அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து அந்தச் சாக்ஸைப் பிரித்துக்கொண்டிருந்தார். பிரிப்பதற்கும் அரை நாள் ஆனது.

அதற்குப் பிறகு அவருக்குப் பித்து பிடித்தது போல ஆகிவிட்டது. பின்னுவார், பிரிப்பார், மறுபடி பின்னுவார். இறுக்கிப் பிடிக்கும் கை மட்டும் தளரவே இல்லை. கடைசியில் பேராச்சிதான் ஒரு வழி சொன்னாள். சாக்ஸ் மெத்தென்று இருக்க வேண்டும். செருப்பு அப்படியில்லை, விறைப்பாக நிற்க வேண்டும். அவர் கைக்குச் செருப்புதான் சரி. முதல் ஜோடிக் கம்பளிச் செருப்பை அவர் முடித்தபோது, அபுதாஹிர் தன் பட்டறையில் வெட்டிப்போட்ட தோல்துண்டில் அடி வைத்துத் தைத்துக் கொடுத்தார். பேராச்சி அதைத் தன் சாமான்களோடு கலந்து செம்பூருக்குக் கொண்டுபோனாள். லாஜ்வந்தி அந்த ஜோடியை மட்டும் தனியாக எடுத்து வைத்தாளாம். இது உன் கை இல்லையே, யாருடைய கை என்று கேட்டாளாம். நாத்தனார் கை என்று பேராச்சி சொல்லிவிட்டு வந்தாள். உன் நாத்தனாரிடம் சொல்லி இதே மாதிரி குழந்தைச் செருப்பு நிறையப் பின்னி வாங்கி வா என்று லாஜ்வந்தி ஒரு பை வெள்ளை நூல் கொடுத்து அனுப்பியிருந்தாள்.

தான் நாத்தனார் ஆனதில் சுயம்புவுக்கு வருத்தமில்லை. உண்மையில் அவருக்கு அதுதான் வேண்டியிருந்தது. தறிக்காரன் சுயம்பு வீட்டில் உட்கார்ந்து பச்சைப்பிள்ளைச் செருப்பு பின்னுகிறான் என்று வெளியில் தெரிந்தால் அந்தச் சந்தில் எப்படி நடப்பது? மெஹராஜிடமும் அபுதாஹிரிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டார். பேராச்சியிடம் கேட்கவேண்டிய அவசியமே இருக்கவில்லை. காலையில் காபி குடித்ததும் கதவை உள்பக்கமாகத் தாழ்ப்பாள் போட்டுவிடுவார். மேலே தகரக் கூரை, உள்ளே வைகாசிப் புழுக்கம், மடியில் கம்பளி. வியர்வை வழிந்து மீசையில் சொட்டும். வெள்ளை நூலிலிருந்து பறக்கும் பிசிறு அந்த ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும். புருவத்தில், காதோரத்து முடியில், கை ரோமத்தில் எல்லாம் பிசிறு. பட்டப்பகலில் புருஷனும் பெண்டாட்டியும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பதைப் பற்றிச் சந்தில் பேசிச் சிரித்ததும் அவர் காதில் விழாமல் இல்லை. போகட்டும் என்று விட்டுவிட்டார். அந்தப் பேச்சில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

ஒன்றை மட்டும் அவர் யோசிக்கவில்லை. கூட்டங்களுக்கு முதல் ஆளாகப் போனவர் இப்போது போவதில்லை. வாரத்துக்கு இத்தனை ஜோடி என்று ஒத்துக்கொண்ட பிறகு எங்கே போவது? அதே சமயத்தில்தான் சில மில்களில் போலீஸ் காவலோடு கொஞ்சம் பேரை வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய் வேலை வாங்குவதாகப் பேச்சு அடிபட்டது. போகிறவர்கள் யார் என்று ஒவ்வொரு பேட்டையிலும் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு தேடினார்கள்.

நாலு வீடு தள்ளி வானமாமலை இருந்தார். நாங்குநேரிக்காரர். அதே மில், அதே ஷிப்ட், பக்கத்துத் தறி. தாராவித் தமிழ் ஆட்களுக்கான வேலைநிறுத்தக் கமிட்டியில் அவரும் ஒருவர். வேடிக்கையாகப் பேசத் தெரியாத மனிதர். எதையும் கேட்டுவிட்டு, ஒருதரம் தொண்டையைச் செருமிவிட்டுத்தான் பதில் சொல்வார். சுயம்பு ஏன் கூட்டத்துக்கு வருவதில்லை, உடம்புக்கு ஏதுமா என்று பார்த்துவரலாம் என்று ஒரு மத்தியானம் கதவைத் தட்டினார்.

சுயம்பு பதறிப்போனார். ஊசி, நூல், அரைச் செருப்பு எல்லாவற்றையும் தலையணைக்கு அடியில் திணித்துவிட்டுக் கதவைத் திறந்தார். மூச்சு வாங்கியது. உடம்பெல்லாம் வியர்வை. மீசையிலும் தலையிலும் வெள்ளைப் பிசிறு. வானமாமலை வாசற்படியில் நின்றபடியே அந்தப் பிசிறைப் பார்த்தார். மில்லில் ஷிப்ட் முடிந்து வெளியே வரும்போது எல்லோர் தலையிலும் இருப்பது அது. வேலைநிறுத்தம் தொடங்கியதிலிருந்து யார் தலையிலும் இல்லாமல் போனதும் அது. சுயம்பு சாயா குடித்துவிட்டுப் போகலாம் என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வானமாமலை திரும்பிப் போனார். ஒருதரம்கூடச் செருமவில்லை.

இரண்டு நாள் கழித்துச் சுயம்பு சாயாக் கடைக்குப் போய் பெஞ்சில் உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்த இருவரும் பாதிக் கிளாஸை வைத்துவிட்டு எழுந்து போனார்கள். கடைக்காரர் அவர் பக்கமே திரும்பவில்லை. திரும்பி வரும் வழியில் பூலோகம் என்கிற பழைய கூட்டாளி, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். சுயம்புவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தெரிந்துவிட்டது. செருப்பு விஷயம் ஊருக்கே தெரிந்துவிட்டது. நேராக மெஹராஜ் வீட்டுக்குப் போனார். சத்தியம் வாங்கியும் இப்படிச் செய்யலாமா, நீ சொன்னாயா அபுதாஹிர் சொன்னாரா என்று வாசலில் நின்று தாளித்தார்.

மெஹராஜ் அவர் முடிக்கும் வரை பொறுமையாக இருந்தாள். "செருப்பு எவனுக்கும் தெரியாது அண்ணாச்சி. நீங்க களவாணியா மில்லுக்குப் போறியளாம். கருங்காலின்னு பேசுறாங்க" என்றாள்.

அந்த நிமிஷத்தில் தனக்கு என்ன தோன்றியது என்பதைச் சுயம்பு வாழ்நாள் முழுக்க யாரிடமும் மறைக்கவில்லை. சொல்லிச் சொல்லித் தன் தலையில் தானே அடித்துக்கொள்வார். அவருக்கு நிம்மதியாக இருந்தது. அப்பாடா, செருப்பு தெரியவில்லை. அந்த நிம்மதியோடு வீடு வரைக்கும் நடந்து வந்து, கைகால் கழுவி, பாயில் உட்கார்ந்த பிறகுதான் மெஹராஜ் சொன்ன மற்றது மண்டைக்குள் இறங்கியது. கூட வேலை பார்த்தவர்கள் பட்டினி கிடக்கும்போது போலீஸ் வண்டியில் ஏறிப்போகிறவன் என்று தன்னை நினைக்கிறார்கள். கருங்காலி. அந்தச் சொல்லை அவரே மில் வாசலில் நின்று மற்றவர்களைப் பார்த்துக் கத்தியிருக்கிறார்.

போய்ச் சொல்லிவிட வேண்டியதுதான். ஒரு வாக்கியம். நான் மில்லுக்குப் போகவில்லை, வீட்டில் செருப்பு பின்னுகிறேன். பாயில் உட்கார்ந்தபடி அதை மனசுக்குள் சொல்லிப் பார்த்தார். பாதியில் நாக்கு மடங்கியது. இன்று சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று நாலைந்து நாள் ஓட்டினார். கருங்காலியாக இருப்பதா, நாத்தனாராக இருப்பதா என்று எடைபோட்டுக்கொண்டிருந்தார். ஒரு நாள் ஒரு தட்டு இறங்கும், மறுநாள் இன்னொரு தட்டு இறங்கும். இடையில் செருப்பையும் விடாமல் பின்னினார். கவலையில் கை இன்னும் இறுகி, அந்த ஜோடிகள் நன்றாகவே வந்தன.

பேராச்சிதான் அதை முடித்துவைத்தாள். ஒரு காலையில் தண்ணீருக்குப் போனவள் வெறுங்குடங்களோடு திரும்பினாள். ஒரு குடம் நசுங்கியிருந்தது. குழாய் வரவில்லையா என்று கேட்டார். வந்தது என்றாள். வரிசையில் வைத்திருந்த குடத்தை யாரோ காலால் தள்ளிவிட்டார்கள். அவள் திரும்ப வைத்தாள். திரும்பத் தள்ளினார்கள். ஒரு வாரமாக இப்படித்தான் நடக்கிறதாம். மெஹராஜ் அவள் சந்துக் குழாயில் பிடித்துக் கொடுத்த தண்ணீரில்தான் இத்தனை நாளும் அவர் காபி குடித்திருக்கிறார். சொல்லக் கூடாதா என்று கேட்டார்.

"சொல்லி? நீங்க ஒரு வார்த்தை சொல்லிருந்தா முடிஞ்சிருக்கும்" என்றாள். குடத்தின் நசுங்கிய இடத்தை உள்ளே கைவிட்டுத் தள்ளிக்கொண்டே பேசினாள். "நான் பின்னுத சாக்ஸைத்தான மாசியிலேருந்து திங்கோம். அதுல எனக்கு ஒரு வெக்கமும் இல்ல. ஒங்களுக்குத்தான் இருக்கு. கருங்காலி பொண்டாட்டின்னு என்னய சொல்லும்போது வராத வெக்கம், செருப்பு பின்னுதேன்னு சொல்ல வருதாக்கும்."

கல்யாணமான நாளிலிருந்து அவள் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியதில்லை. சுயம்பு எழுந்துபோய், முடித்துவைத்திருந்த செருப்புகளை ஒரு துணிப்பையில் எடுத்துப் போட்டார். 

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பிள்ளையார் கோயிலுக்கு முன்னால் இருந்த வெட்டவெளியில் கமிட்டி கூட்டம். மில் ஆட்கள் தரையில் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தார்கள். வானமாமலை நின்று பேசிக்கொண்டிருந்தார். சுயம்பு துணிப்பையோடு உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றது. பின்னால் கொஞ்சம் தள்ளி, முந்தானையை இழுத்துச் செருகியபடி பேராச்சியும், அவளுக்குத் துணையாக மெஹராஜும் வந்து நின்றார்கள். சுயம்பு வழியெல்லாம் ஒரு பிரசங்கம் தயார் செய்துகொண்டு வந்திருந்தார். தொழிலாளி வர்க்கம், இருபத்தைந்து வருஷ நட்பு என்றெல்லாம் அதில் வந்தது. முன்னால் வந்து நின்றதும் எல்லாம் மறந்து போய், பையைக் கவிழ்த்துவிட்டார். வெள்ளை வெளேரென்று பச்சைப்பிள்ளைச் செருப்புகள் சாக்கின் மேல் கொட்டின. ஒன்று உருண்டுபோய் பூலோகத்தின் மடியில் விழுந்தது.

"நான் மில்லுக்குப் போகல. இதைத்தான் பண்ணிக்கிட்டிருந்தேன். தலையில இருந்தது இந்த நூலு" என்றார்.

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. பூலோகம் மடியில் கிடந்த செருப்பை எடுத்துப் பார்த்துவிட்டு, பொண்டாட்டி பின்னியதைக் கொண்டுவந்து கதை விடுகிறான் என்றார். அதுதானே என்றார்கள் நாலு பேர். சுயம்பு இதை எதிர்பார்க்கவே இல்லை. இவ்வளவு பெரிய அவமானத்தைத் தானாக வந்து ஒப்புக்கொண்டால் அதை நம்பக்கூட ஆள் இல்லை. பரிதாபமாக வானமாமலையைப் பார்த்தார்.

வானமாமலை செருமினார். "சரி வே. இங்கன உக்காந்து பின்னும். பாப்போம்" என்றார்.

யாரோ காலி மண்ணெண்ணெய் டின் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டார்கள். சுயம்பு அதன்மேல் உட்கார்ந்து பாதி முடிந்த செருப்பை எடுத்தார். சுற்றிலும் அத்தனை முகங்கள். உள்ளங்கை நனைந்து ஊசி வழுக்கியது. முதல் கண்ணி விழுந்தது. எடுத்தார். இரண்டாவது கண்ணியில் சீதாவா உல்டாவா என்று மறந்துவிட்டது. வீட்டில் தனியாக இருக்கும் நினைப்பில் வாய்விட்டே "சீதா, உல்டா, சீதா, உல்டா" என்று சொல்ல ஆரம்பித்தார். தலை தாளத்துக்கு ஆடியது. நாக்கின் நுனி உதட்டோரத்தில் எட்டிப் பார்த்தது. பின்னும்போது தன் நாக்கு வெளியே வருவது அவருக்கு அதுவரை தெரியாது. பேராச்சி ஒருநாளும் சொன்னதில்லை.

ஒரு வரிசை முடிந்து திரும்பும்போது பின்னாலிருந்து பேராச்சியின் குரல் வந்தது. "நில்லுங்க. ரெண்டு கண்ணி கீழ எறங்கிட்டு. பெருவிரலை எடுத்துப் பாருங்க."

சுயம்பு பெருவிரலை எடுத்துப் பார்த்தார். இறங்கித்தான் இருந்தது. "நீ கொஞ்சம் சும்மா இரிட்டி, எனக்குத் தெரியும்" என்று சிடுசிடுத்துக்கொண்டே ஊசி நுனியால் இரண்டு கண்ணியையும் பிடித்து மேலே தூக்கினார். அடுக்களையில் நடக்கிற சண்டை போல அது வந்துவிட்டது. முதலில் பூலோகம்தான் சிரித்தார். அடக்கப் பார்த்தார், முடியவில்லை. அது பக்கத்து ஆளுக்குத் தொற்றியது. பிறகு வெட்டவெளி முழுக்கச் சிரிப்பு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிலருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆறு மாசமாக ஒருவரும் இப்படிச் சிரித்திருக்கவில்லை. சிரிப்பதற்கு எதுவும் நடந்திருக்கவும் இல்லை.

வானமாமலை மட்டும் சிரிக்கவில்லை. குனிந்து அரைச் செருப்பை வாங்கி, பின்னலைத் திருப்பிப் பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்து, இது சுயம்பு கைதான் என்றார். அவர் தறியில் துணி எப்படி விறைப்பாக வருமோ அதே விறைப்பு இதிலும் இருக்கிறது, வேறு யாருக்கும் வராது என்றார். அத்தோடு விடவில்லை. நேராகப் பேராச்சி நின்ற இடத்துக்குப் போனார். "தப்பு எங்க பேர்லதான் தாயி. குழாயில இனிமே ஒருத்தியும் ஒன் கொடத்தைத் தொடமாட்டா" என்றார். பேராச்சி தலையை மட்டும் அசைத்தாள். மறுநாள் குழாயடியில் வானமாமலையின் மனைவியே தன் குடத்தை நகர்த்திவிட்டு அவளுக்கு இடம் விட்டாளாம்.

அந்தச் சிரிப்பைத் தான் பெருந்தன்மையாக எடுத்துக்கொண்டதாகச் சுயம்பு வெளியில் சொல்லிக்கொள்வார். அது பொய். ஒரு வாரம் வீட்டைவிட்டே கிளம்பவில்லை. சாக்ஸ் சுயம்பு என்று பேர் வைத்துவிட்டார்கள். தான் பின்னுவது சாக்ஸ் அல்ல, செருப்பு என்று இரண்டொருவரிடம் திருத்திப் பார்த்தார். அது இன்னும் மோசமாகப் போனது. கதவை மட்டும் இப்போது திறந்தே வைத்தார். உள்ளே காற்று வந்தது. இத்தனை நாள் எதற்காக அந்தப் புழுக்கத்தில் கிடந்து வெந்தோம் என்று அவருக்கே புரியவில்லை.

ஆடி மழை பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானம் வானமாமலை வந்தார். உள்ளே நுழைந்தவர் தானே கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். செருமினார். மழையைப் பற்றிக் கொஞ்சம் பேசினார். வேலைநிறுத்தம் எப்போது முடியும் என்று தெரியவில்லை என்றார். மறுபடி செருமினார். கடைசியில், அந்தச் சீதா உல்டா என்பதை ஒருதரம் காட்டிக் கொடுக்க முடியுமா, வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கப் பைத்தியம் பிடிக்கிறது என்றார். சுயம்புவுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. மெஹராஜ் பேராச்சிக்கும், பேராச்சி தனக்கும் சொல்லிக்கொடுத்ததை, ஏதோ தானே கண்டுபிடித்த வித்தை போல ஒரு மணி நேரம் விளக்கினார். ஊசியைப் பிடிப்பதிலேயே பத்து நுணுக்கம் சொன்னார். பேராச்சி மூலையில் உட்கார்ந்து ஸ்வெட்டர் கழுத்தை முடித்துக்கொண்டிருந்தாள். ஒரு தடவைகூட நிமிரவில்லை.

வேலைநிறுத்தம் முடிந்தது என்று யாரும் அறிவிக்கவில்லை. கரைந்து போனது. அடுத்த வருஷம் சில மில்கள் திறந்தன, ஆளைப் பொறுக்கி எடுத்தன. இவர்களுடைய மில் திறக்கவில்லை. பூலோகம் ஊருக்கே போய்விட்டார். சுயம்பு காட்கோபரில் ஒரு கட்டிடத்துக்கு வாட்ச்மேனாகப் போனார். நாற்காலி கொடுத்திருந்தார்கள். அதில் உட்கார்ந்து பின்னினார். அந்தக் கட்டிடத்துக் குஜராத்திப் பெண்கள் முதலில் உற்றுப் பார்த்தார்கள், பிறகு டிசைன் கேட்டார்கள். வானமாமலைக்கு மாட்டுங்காவில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை கிடைத்தது. மிச்ச நேரத்தில் அவரும் பின்னினார். எவ்வளவு பின்னினார், எப்படிப் பின்னினார் என்று சுயம்புவுக்குத் தெரியாது. சிஷ்யனின் வேலையைக் குரு போய் எட்டிப் பார்ப்பது அழகல்ல என்று இருந்துவிட்டார்.

லாஜ்வந்தியிடம் நாத்தனார் கதை எப்போதோ உடைந்துபோயிருந்தது. ஒரு நாள் சுயம்புவும் வானமாமலையும் தங்கள் மூட்டைகளோடு சயானில் பஸ் ஏறிச் செம்பூர் போனார்கள். லாஜ்வந்தி கண்ணாடியை மாட்டிக்கொண்டு சுயம்புவின் செருப்புகளை எண்ணி ஓரமாக வைத்தாள். வழக்கம்போல அச்சா என்றாள். பிறகு வானமாமலையின் பையிலிருந்து ஒரு ஸ்வெட்டரை எடுத்து விரித்தாள். முழு ஸ்வெட்டர். நெஞ்சில் முறுக்குமுறுக்காகக் கொடி ஓடியது. கழுத்து படிந்து உட்கார்ந்திருந்தது. இரண்டு கையும் ஒரே நீளம். லாஜ்வந்தி அதை வெளிச்சத்தில் பிடித்தாள், உள்பக்கம் திருப்பினாள், மகளைக் கூப்பிட்டுக் காட்டினாள். இனிமேல் ஸ்வெட்டர் நூலெல்லாம் இவருக்குத்தான் என்றாள். சுயம்புவின் பக்கம் திரும்பி, நீங்கள் செருப்பே பின்னுங்கள், உங்களுக்கு அது நன்றாக வருகிறது என்று ஆறுதலாகச் சொன்னாள்.

திரும்பும்போது பஸ்ஸில் இருவருக்கும் உட்கார இடம் கிடைத்தது. வானமாமலை இரண்டு மூன்று தடவை செருமினார். அந்தக் கொடி பிசகித்தான் வந்தது, எப்படியோ ஒப்பேற்றினேன் என்றார். எல்லாம் நீர் சொல்லிக்கொடுத்ததுதானே என்றார். சுயம்பு ஜன்னலுக்கு வெளியே மும்முரமாக எதையோ பார்த்துக்கொண்டு வந்தார். மில்லில் இருந்த அத்தனை வருஷத்தில் பக்கத்துத் தறியில் என்ன ஓடுகிறது என்று ஒருநாளும் அவர் கவலைப்பட்டதில்லை. இப்போது ஒரு ஸ்வெட்டர் தொண்டையில் சிக்கிக்கொண்டு இறங்கமாட்டேன் என்றது.

வீட்டுக்கு வந்து பேராச்சியிடம் எல்லாவற்றையும் கொட்டினார். முந்தாநாள் ஊசி பிடித்தவன், என்னிடம் கற்றுக்கொண்டவன், நேற்றுவரை சீதாவுக்கும் உல்டாவுக்கும் வித்தியாசம் தெரியாதவன் என்று அடுக்கிக்கொண்டே போனார். ஸ்வெட்டரில் ஒரு குறைகூடக் கண்டுபிடிக்க முடியவில்லை என்பதுதான் அவருக்குத் தாங்கவில்லை. பேராச்சி கேட்டுக்கொண்டே பின்னினாள். ஒரு கட்டத்தில் அவள் தோள் குலுங்குவதைப் பார்த்தார். அழுகிறாளோ என்று குனிந்து பார்த்தார். சத்தம் வராமல் சிரித்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு அதிகமாகி, கண்ணி கழன்றுவிடாமல் ஊசியைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கோபித்துக்கொள்ளலாமா என்று சுயம்பு கொஞ்ச நேரம் யோசித்தார். அதற்கும் ஒரு காரணம் வேண்டியிருந்தது. தேடிப் பார்த்துவிட்டு, அவரும் அவள் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தார். சிரிப்பு அவருக்கும் வந்தது.